வினாக்குறிக் கிருமி

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடற்கரையை ஒட்டி ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பிலேதான் பண்டகசாலைகளும் ஆலைகளும் இருப்புப்பாதைகளும் மீன்பிடி துறைமுகமும் எண்ணிறந்த குடியிருப்புகளும் நெருங்கி அமைந்துள்ளன. தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. சரக்கு வந்து இறங்கும் இடத்திற்கு எலி அழைப்பின்றியே வந்து சேரும். எலி மிகுந்த தெருவில் மக்கள் நாயையும் பூனையையும் விரும்பி வளர்ப்பதும் இயல்பே.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் இத்தாழ்ந்த நிலத்தில் நீர் வடிய வழியின்றித் தேங்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023-ஆம் ஆண்டு டிசம்பரிலும் சென்னையின் பல தெருக்கள் நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தன. வளை இழந்த எலி அந்நீரில் நீந்துகிறது. வீட்டு நாய் அதில் நின்று அதனையே நக்கிக் குடிக்கிறது. பால்காரரின் மாடு அதனைக் கடந்து செல்கிறது. பள்ளிச் சிறுவன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அதிலேயே இறங்கி நடக்கிறான். இந்நால்வரையும் பிணைக்கும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. மக்கள் அதனால் வரும் நோயை எலிக்காய்ச்சல் என்பர். அறிஞர் அந்நுண்ணுயிரை லெப்டோஸ்பைரா என்பர்.

கடலோரத்து மக்களுக்கு இக்கிருமியைப் பற்றிய செய்தி ஒன்று வியப்பூட்டும். உப்பு நீரில் இது நெடுநேரம் பிழைப்பதில்லை. வெயிலில் உலர்ந்த மண்ணிலும் விரைவில் மடிந்துவிடும். நிழலில் தேங்கிய மழைநீரும் ஈரம் காயாத சேறுமே இதற்கு உகந்தவை. அங்கே வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே, இவ்வூர்களில் அஞ்சத்தக்கது அலைவீசும் கடல் அன்று. வீட்டு வாயிலில் வடியாமல் நிற்கும் நன்னீரே.

எலியின் சிறுநீரகத்தில் இக்கிருமி குடியிருக்கும். ஆனால் எலிக்கு அதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. சிறுநீரோடு வெளிப்பட்டு நீரிலும் சேற்றிலும் கலக்கும். காலிலுள்ள சிறு கீறல் வழியாகவோ, கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மெல்லிய தோல் வழியாகவோ மற்றோர் உயிரின் உடலினுள் நுழையும். நோயுற்ற நாய் உணவை வெறுக்கும், காய்ச்சலுற்றுச் சுருண்டு படுக்கும், வாந்தி எடுக்கும். சில நாய்களின் கண்ணும் ஈறும் மஞ்சள் நிறமடையும். சிலவற்றின் சிறுநீரகம் செயலிழக்கும். எனினும் எல்லா நாய்களும் நோயுறுவதில்லை. யாதொரு குறியுமின்றி வாலை ஆட்டி ஓடித் திரியும் நாயும் மாதக்கணக்கில் தன் சிறுநீரில் கிருமியை வெளியிடக்கூடும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நோயுற்ற விலங்கைக் கண்ணால் காணலாம். நோயைச் சுமக்கும் விலங்கைக் காண, கிருமியையே தேடிப் பிடிக்கவேண்டும்.

தேடிப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. 1886-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அடால்ப் வைல், காய்ச்சலும் காமாலையும் சிறுநீரகக் கேடும் ஒருங்கே தோன்றும் நோயொன்றை விரித்துரைத்தார். அதனை விளைவிப்பது எது என்பதை அன்று எவரும் அறிந்திலர். 1907-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஸ்டிம்சன் என்பார், மஞ்சட்காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் துணுக்கை வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் கண்டார். அதில் திருகுசுருளான நுண்ணுயிர்கள் தென்பட்டன. அவற்றின் முனை கொக்கிபோல் வளைந்து, ஆங்கில வினாக்குறியை ஒத்திருந்தது. அதனால் 'வினவுவது' என்னும் பொருள்படும் 'இன்டெரோகன்ஸ்' என்ற இலத்தீன் சொல்லையே அவர் அதற்குப் பெயராக இட்டார். அவர் கண்டது மஞ்சட்காய்ச்சற் கிருமி அன்று; ஆயினும் வைலின் நோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டுவிட்டதை அவரும் உணர்ந்தாரில்லை. பெயர் முந்திக்கொண்டது, பொருள் பின்னர் வந்தது.

சில ஆண்டுகள் கழித்து, ஜப்பானில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பரவிய காமாலைக் காய்ச்சலை இனாடா, இடோ என்னும் மருத்துவர் இருவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். 1914, 1915-ஆம் ஆண்டுகளில் நோயாளியின் குருதியைச் சீமைப்பெருச்சாளியின் உடலில் செலுத்தி, நோய் தோன்றுவதையும் கிருமி பெருகுவதையும் அவர்கள் ஐயமற நிறுவினர். எலியே அக்கிருமியின் உறைவிடம் என்பதும் விரைவில் தெளிவாயிற்று. 'மெல்லிய சுருள்' எனப் பொருள்படும் லெப்டோஸ்பைரா என்ற பேரினப் பெயரை அடுத்த சில ஆண்டுகளில் வழங்கியவர் நோகுச்சி என்னும் ஜப்பானிய அறிஞர். மெல்லியது என்பது மிகையன்று. இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கே. சாதாரண நுண்ணோக்கியில் இது புலப்படாது. இருட்புல நுண்ணோக்கி என்னும் கருவியில், பின்புலம் முற்றும் இருண்டிருக்க, கிருமி மட்டும் வெள்ளி இழைபோல் ஒளிர்ந்து சுழன்று செல்வதைக் காணலாம்.

நாயின் நோயும் இதனோடு தொடர்புடையது என்பது தனியே வெளிப்பட்டது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1898-ஆம் ஆண்டில் நாய்களிடையே கொடிய கொள்ளைநோய் ஒன்று பரவியது. நெடுங்காலம் அந்நோய் அந்நகரின் பெயராலேயே வழங்கிற்று. நெதர்லாந்தில் கிளாரன்பேக், ஷூப்னர் என்னும் இருவர் 1933-ஆம் ஆண்டில் நாயிடமிருந்து லெப்டோஸ்பைரா ஒன்றைப் பிரித்தெடுத்து, அது எலியிடம் காணப்படுவதினின்றும் வேறுபட்டது எனக் காட்டினர். நாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் அதற்குக் 'கனிகோலா' என்ற பெயர் அமைந்தது.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரே சுருள், ஒரே கொக்கி, ஒரே சுழற்சி. அங்ஙனமாயின் வேறு என்று கண்டது எப்படி? அதற்கு உடலே வழி காட்டியது. ஒரு கிருமி உடலினுள் புகுந்தால், குருதி அதற்கேற்ற எதிர்ப்பொருளை உண்டாக்கும். அக்குருதியின் தெளிநீரை, அதாவது சீரத்தை, அதே வகைக் கிருமியோடு கலந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். வேறு வகைக் கிருமியோடு கலந்தால் திரளமாட்டா. பூட்டுக்கு ஏற்ற திறவுகோலைத் தேர்வது போன்றது இது. சீரத்தால் வேறுபடுத்தி அறியப்பட்ட இவ்வகைகளைச் செரோவார் என்பர். நோய் விளைவிக்கும் லெப்டோஸ்பைராவில் மட்டும் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட செரோவார்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. எலியிடம் ஒன்று, நாயிடம் ஒன்று, மாட்டிடம் ஒன்று, பன்றியிடம் ஒன்று எனப் பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இல்லத்தைத் தெரிந்துகொண்டுள்ளது.

இந்தியாவிலும் இவ்வாராய்ச்சி பழமையானதே. டெய்லர், கோயல் என்னும் இருவர் அந்தமான் தீவுகளில் இந்நோயை ஆராய்ந்து 1931-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டனர். அங்கே கிடைத்த வகையொன்று இன்றும் 'அந்தமானா' எனவே வழங்குகிறது. அஃது இன்று தீங்கற்ற இனமொன்றில் அடக்கப்பட்டுள்ளது என்பது தனிச் சுவையுடைய செய்தி. பெயர் பெற்ற கிருமிகளெல்லாம் பகைக்கிருமிகள் அல்ல.

சீரத்தை வைத்துப் பிரித்தது பயன் தந்ததே ஆயினும், அதில் ஒரு குறை இருந்தது. கிருமியின் மேற்போர்வை ஒத்திருப்பதைக் கொண்டு அதன் குலமும் ஒன்றே எனக் கூறிவிட முடியுமா? ஒரே நிறச் சட்டை அணிந்த இருவர் உடன்பிறந்தோர் ஆகிவிடுவரோ? இவ்வினாவிற்கு விடை காண, கிருமியின் பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ.யை ஆராயவேண்டியதாயிற்று.

டி.என்.ஏ. இரட்டை இழையாலானது. வெப்பமூட்டினால் இழைகள் இரண்டும் பிரியும். ஆறவிட்டால் தமக்கு ஏற்ற இணையைத் தேடி மீண்டும் சேரும். ஒரு கிருமியின் தனி இழையை மற்றொன்றின் தனி இழையோடு கலந்து ஆறவிட்டால், உறவு நெருங்கியதாயின் இரண்டும் இறுகப் பிணையும். தொலைவாயின் பிணைப்புக் குறையும். இதற்குக் கலப்பிணைவு முறை என்று பெயர். நூற்றுக்கு எழுபது பங்கும் அதற்கு மேலும் இணைந்தால் ஒரே இனம் என்பது 1987-ஆம் ஆண்டில் அறிஞர் குழுவொன்று பரிந்துரைத்த அளவு. அதே ஆண்டில் இம்முறையைக் கொண்டு லெப்டோஸ்பைராவில் புதிய இனங்கள் பல பெயரிடப்பட்டன. அதுவரை நோய் விளைவிப்பன அனைத்தும் இன்டெரோகன்ஸ் என்ற ஒரே இனமாகவும், தீங்கற்றவை பைபிளெக்ஸா என்ற மற்றோர் இனமாகவும் கொள்ளப்பட்டிருந்தன. ஒரு வீடு என எண்ணியிருந்தது ஒரு தெருவாகவே விரிந்தது.

இத்தெருவில் ஒரு வீட்டிற்குப் பெயர்ப்பலகை மாட்டியவருள் சென்னையைச் சார்ந்த அறிஞர் ஒருவரும் உளர். வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி. ராமதாஸ், நியூசிலாந்து நாட்டின் மாசே பல்கலைக்கழகத்தில் அந்நாட்டு அறிஞர் நால்வருடன் சேர்ந்து கலப்பிணைவு ஆராய்ச்சி நிகழ்த்தினார். இன்டெரோகன்ஸ் எனக் கருதப்பட்டவற்றுள் ஒரு கூட்டம், அவ்வினத்திற்கு உறவாயினும் அதனினின்றும் விலகித் தனித்து நிற்பதை அக்குழுவினர் கண்டனர். 1992-ஆம் ஆண்டில் அதனைப் புதிய இனமாக அறிவித்து, நியூசிலாந்தில் இந்நோயை ஆராய்ந்த லியோபோல்டு கிர்ஷ்னரின் நினைவாக 'லெப்டோஸ்பைரா கிர்ஷ்னெரி' எனப் பெயரிட்டனர். நாய்களைத் தாக்கும் கிரிப்போடைபோசா என்னும் வகையின் கிருமிகள் பல இவ்வினத்தைச் சார்ந்தவை. அறிவியல் முறைப்படி அவ்வினத்தின் முழுப்பெயரை எழுதும்போது, முதலில் விவரித்தவர் என்ற வகையில் ராமதாஸின் பெயரும் அதனோடு சேர்த்து எழுதப்படுகிறது.

புதிய இனம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. பாக்டீரியாவுக்குப் பெயரிடுவதற்கெனப் பன்னாட்டு விதிகள் உண்டு. பெயர் இலத்தீன் வடிவில் அமையவேண்டும். வேற்றுமைகளை விளக்கி உரிய ஆராய்ச்சி இதழில் வெளியிடவேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையாக, 'மூலவகை' எனப்படும் உயிருள்ள கிருமியைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படைக்கவேண்டும். ஐயுறும் எவரும் அதனைக் கேட்டுப் பெற்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிர்ஷ்னெரியின் மூலவகை 'சைனோப்டெரி' என்னும் செரோவார். சைனோப்டெரஸ் என்ற பழந்தின்னி வௌவாலின் பெயரையொட்டி அப்பெயர் வந்தது. நாய், எலி, வௌவால் என எத்தனை உயிர்கள் ஒரே கிருமிக் குலத்திற்கு இடமளிக்கின்றன என்பதை இப்பெயர்களே காட்டுகின்றன.

பெயரற்றுக் காத்திருந்த கிருமிகளும் உண்டு. நாய் கடித்த காயத்தின் வழியே மனிதரைத் தாக்கும் பாக்டீரியா ஒன்று நெடுநாள் 'டி.எப்.-2' என்ற வெறுங் குறியீட்டால் வழங்கிற்று. 1989-ஆம் ஆண்டிலேதான் 'நாய்க்கடி' எனப் பொருள்படும் 'கனிமார்சஸ்' என்ற இனப்பெயர் அதற்குக் கிட்டியது. நாயின் தோற்புண்ணில் காணப்படும் ஸ்டாபிலோகாக்கஸ் ஒன்று பல்லாண்டுகள் மற்றோர் இனத்தின் பெயரைச் சுமந்து நின்றது. 2005-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர்கள் பூனை, நாய், குதிரை, கிளி ஆகியவற்றினின்றும் கிடைத்த கிருமிகளைக் கொண்டு தனி இனத்தை விவரித்த பின்னரே அதன் உண்மையான அடையாளம் துலங்கிற்று.

இத்தனை உழைப்பும் பெயருக்காகவா என்று ஒரு மாணவர் வினவலாம், வினவுதல் நன்றே. எலிக்காய்ச்சலுற்ற நாய்க்கோ மனிதருக்கோ மருந்தளிக்கும் மருத்துவர், கிருமியின் செரோவார் யாது எனக் காத்திருப்பதில்லை. பெனிசிலின், டாக்சிசைக்கிளின் போன்ற மருந்துகள் எல்லா வகைகளையும் தாக்குவன. காலந்தாழ்த்தாது அவற்றைக் கொடுப்பதே முறை. ஆனால் தடுப்பூசியின் நிலை வேறு. இவ்வூசி உடலில் எழுப்பும் எதிர்ப்பொருள், ஊசியிலுள்ள செரோவாரையும் அதனை நெருங்கியவற்றையுமே பெரும்பாலும் தடுக்கும். பிற வகைகளைத் தடுக்கும் என உறுதி கூறவியலாது. நாய்களுக்குப் பல்லாண்டுகளாக இடப்பட்டு வந்த ஊசிகளில் கனிகோலா, இக்டெரோஹெமரேஜியா என்னும் இரண்டு வகைகளே இருந்தன. பின்னர், பிற வகைகள் நாய்களில் மிகுவதைக் கண்ட மேலைநாடுகள் நான்கு வகைகள் அடங்கிய ஊசிகளைக் கொண்டுவந்தன. சேர்க்கப்பட்டவற்றுள் கிரிப்போடைபோசாவும் ஒன்று.

சென்னையின் கதையோ சற்று வேறானது. 1990-களில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஆட்டம்னாலிஸ் என்னும் வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுதியாகக் காணப்பட்டது. ஆட்டம்னாலிஸ் என்பதற்கு 'இலையுதிர்காலத்திற்குரியது' என்று பொருள். ஜப்பானில் இலையுதிர்காலக் காய்ச்சலாக அறியப்பட்டதால் அப்பெயர் அமைந்தது. சென்னையில் இலையுதிர்காலம் ஏது? அதே மாதங்களில் இங்கே அடைமழை. காய்ச்சலும் அப்போதே மிகும். மனிதரைத் தாக்கும் வகை ஆட்டம்னாலிஸாகவும், நாய்க்கு இட்ட ஊசியில் வேறு இரண்டாகவும் இருப்பின், ஊசி இட்டாயிற்று என்ற நிம்மதியில் பாதி வெறும் நம்பிக்கையே. திருவொற்றியூரில் ஒருவர் தம் நாய்க்குத் தவறாமல் ஊசி இட்டும், அத்தெருவின் சேற்றில் உலவும் வகை அவ்வூசியில் இல்லாமற் போகலாம். ஊசி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அதிலுள்ள வகைகளேனும் தடுக்கப்படும். ஆனால் அவ்வூரில் உலவுவது எது என்பதை அவ்வூரிலேயே கண்டறிந்தாலன்றி, ஊசியில் எதைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்க முடியாது.

தமிழகத்தின் மற்றொரு கோடியிலும் இதன் அருமை வெளிப்பட்டது. 1993-ஆம் ஆண்டு இறுதியில் பெய்த பெருமழைக்குப்பின், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணழற்சியுற்ற நோயாளிகள் 1994-இல் வழக்கத்திற்கு மிஞ்சி வந்தனர். அவர்தம் குருதியையும் கண்ணீர்மத்தையும் ஆராய்ந்த மருத்துவர்கள், அதற்குக் காரணம் லெப்டோஸ்பைராவே எனக் கண்டனர். கண்ணுக்குள் ஒளிந்திருந்த கிருமியை அதன் டி.என்.ஏ.யே காட்டிக்கொடுத்தது.

திருவொற்றியூருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மாதவரம் பால்பண்ணைப் பகுதி உள்ளது. 1989-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இதுவே. எலிக்காய்ச்சலை ஆராயும் கூடமும் இங்கே உண்டு. இப்பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள், ராமதாஸும் அவருள் ஒருவராக, டி.என்.ஏ.யின் கைரேகை போன்ற வரிகளைக் கொண்டு செரோவார்களை வேறுபடுத்தும் முறையொன்றை 1997-ஆம் ஆண்டில் பன்னாட்டு இதழில் வெளியிட்டனர்.

இத்தகைய கூடத்தில் நடைபெறும் சோதனை பொறுமையைக் கோருவது. நாயின் சீரம் சிறிது சிறிதாக நீர்த்து, வரிசையான சிறு குழிகளில் இடப்படும். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு செரோவாரின் உயிருள்ள கிருமிகள் சேர்க்கப்படும். பின்னர் ஒவ்வொரு துளியாக இருட்புல நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கவேண்டும். ஏறத்தாழப் பாதிக் கிருமிகள் திரண்டோ மறைந்தோ போயினவா என்பதைக் கண்ணால் மதிப்பிடவேண்டும். அவ்வரிசையில் இல்லாத வகையொன்று நாயைத் தாக்கியிருப்பின் சோதனை வாய் திறவாது. நோய் இல்லை என்றே முடிவு வந்தாலும் வரும். ஆகவே, பிற நாட்டிலிருந்து பெற்ற மூலவகைகளோடு உள்ளூர் எலி, நாய், மாடு ஆகியவற்றினின்றும் பிரித்தெடுத்த கிருமிகளையும் அவ்வரிசையில் சேர்த்தல் இன்றியமையாததாகிறது.

பிரித்தெடுப்பதோ அதனினும் கடினம். நாயின் சிறுநீரையோ குருதியையோ தனிவகை ஊட்டநீரில் இட்டு, முப்பது பாகை செல்சியசுக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்தில் இருளில் வைப்பர். மற்றப் பாக்டீரியாக்கள் ஓரிரவில் பெருகிவிடும். லெப்டோஸ்பைராவோ வாரக்கணக்கில் காக்கவைக்கும். மூன்று மாதம் வரையிலும் பார்த்தபின்னரே 'இல்லை' எனக் கைவிடுவது வழக்கம். இடையில் வேறு கிருமி புகுந்துவிட்டால் அதனை நுண்துளை வடிகட்டியில் செலுத்துவர்; மற்றவை தங்கிவிட, மெலிந்த லெப்டோஸ்பைரா மட்டும் நழுவி அப்பால் செல்லும். அதன் மெலிவு அப்போது ஆய்வாளருக்கு உதவியாகிறது.

2003-ஆம் ஆண்டில் சீன அறிஞர்கள் இன்டெரோகன்ஸ் கிருமியொன்றின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டனர். அதன்பின் கலப்பிணைவு முறைக்கு மாற்றாக, முழு டி.என்.ஏ.யையும் ஒப்பிடும் முறையே வழக்கிற்கு வந்தது. 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, பல நாடுகளின் மண்ணிலும் நீரிலும் கிடைத்த 30 புதிய இனங்களைச் சேர்த்து, லெப்டோஸ்பைரா பேரினத்தின் தொகையை 64 ஆக உயர்த்திற்று. சீரம் வகுத்த செரோவாரும் டி.என்.ஏ. வகுத்த இனமும் இன்றும் முற்றும் ஒத்துப்போவதில்லை. மாட்டைத் தாக்கும் ஹார்ட்ஜோ என்னும் ஒரே செரோவார், இன்டெரோகன்ஸ், போர்க்பீட்டர்சனி என்னும் இரண்டு இனங்களிலும் காணப்படுகிறது. ஆதலின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கிருமிக்குச் சீட்டு எழுதுவோர் இனம், செரோவார், கிடைத்த விலங்கு, கிடைத்த இடம் ஆகிய நான்கையும் எழுதி வைக்கின்றனர். சில வாரங்களுக்கு ஒருமுறை அக்கிருமியைப் புதிய ஊட்டநீருக்கு மாற்றி, இருட்புலத்தில் அது இன்னும் சுழல்கிறதா எனப் பார்த்து, சீட்டில் அந்நாளையும் குறிக்கின்றனர்.